லிகூரியாக் கடற்கரை: அந்த ஐந்து கிராமங்களை விட்டால் வேறென்ன பார்க்கலாம்?

கேள்வி, 2025 மார்ச் 8

மே கடைசி வாரம் இத்தாலி போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள். லிகூரியாவுக்கு ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறோம். யாரைக் கேட்டாலும் சின்க்வே தெர்ரே (அந்த ஐந்து கடலோரக் கிராமங்கள்), போர்த்தோஃபீனோ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வீடியோவில் பார்த்தால் அங்கே கால் வைக்க இடமில்லை. கார் எடுக்கப் போவதில்லை, ரயிலும் பஸ்ஸும்தான். நடக்கத் தயார். அதிகம் பேர் போகாத, போனால் ஏமாற்றாத இடங்கள் உண்டா?

மார்ச் 8, இரவு

உண்டு. ஜெனோவாவிலிருந்து கிழக்கே திரும்பாமல் மேற்கே திரும்புங்கள்.

லிகூரியா இத்தாலியின் வடமேற்குக் கடலோரத்தில் வில்லாக வளைந்த ஒரு ஒல்லியான பட்டை. நடுவில் ஜெனோவா. கிழக்குப் பாதியை லெவாந்தே என்பார்கள், மேற்குப் பாதியை பொனெந்தே என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே போகிறார்கள். மேற்கே, சவோனாவிலிருந்து பிரான்ஸ் எல்லை வரைக்கும், கோடையில் டுரின், மிலான் குடும்பங்கள் வந்து கடலில் குளித்துவிட்டுப் போவார்கள். கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்ப்பக்கம் அவர்களிலும் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் டுரினில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பக்கத்துக் கடல் லிகூரியாதான். அங்கே கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம் என்பது என் எண்ணம். அரை மணி நேரமாவது மலைப்பக்கம் ஏற வேண்டும். இப்போதைக்குப் பெயர்கள்: திரியோரா, அல்பெங்கா, தொய்ரானோ, ஃபினால்போர்கோ, செர்வோ, தோல்சேஆக்குவா. விவரம் நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 9, காலை

அல்பெங்கா. ரயிலை விட்டு இறங்கி நடந்தே பழைய ஊருக்குப் போய்விடலாம். செங்கல் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரியும். சந்துக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே, மேலே, சின்னச் சின்ன வளைவுகள் கட்டியிருப்பார்கள். நிலநடுக்கத்தில் ஒரு வீடு சாய்ந்தால் இன்னொன்று தாங்கிப் பிடிக்கட்டும் என்ற ஏற்பாடு. லிகூரியாவின் பழைய ஊர்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

கதீட்ரலை ஒட்டி ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய ஞானஸ்நான மண்டபம் இருக்கிறது. வெளியே பத்துப் பக்கம், உள்ளே எட்டுப் பக்கம். தெருமட்டத்துக்குக் கீழே படி இறங்கிப் போக வேண்டும். ஆறு கொண்டுவந்த வண்டலில் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிட்டது, மண்டபம் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. ஒரு மாடத்தின் வளைவில் நீலப் பின்னணியில் மொசைக். ஒன்றுக்குள் ஒன்றாக, கிறிஸ்துவின் பெயரெழுத்துகளால் ஆன மூன்று இலச்சினைகள், சுற்றிலும் பன்னிரண்டு வெள்ளைப் புறாக்கள். சின்ன இடம், ஒரு பெரிய பேருந்துக் கூட்டம் உள்ளே போகவே முடியாது.

இன்னொன்று, ரோமானியக் கப்பல். கி.மு. முதல் நூற்றாண்டில் மது ஏற்றிப்போன பெரிய சரக்குக் கப்பல் அல்பெங்காவுக்கு எதிரே, சுமார் 40 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மது ஜாடிகள் அதில் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1950ல் நினோ லம்போலியா என்ற தொல்லியலாளர் ‘ஆர்த்தீல்யோ’ என்ற மீட்புக் கப்பலை வைத்து ஜாடிகளை வெளியே எடுத்தார். இரும்புப் பிடியால் அள்ளியதில் நிறைய உடைந்துபோயின. இத்தாலியில் கடலடித் தொல்லியல் தொடங்கியதே அந்த வேலையில்தான். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மது ஜாடிகளின் உடைந்த துண்டுகளைப் பார்த்தவர்கள், இங்கே அருங்காட்சியகத்தில் வரிசையாக முழு ஜாடிகளைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவார்கள். நான் நின்றேன்.

மார்ச் 9, மதியம்

பத்து வயது மகள் என்றீர்களே, தொய்ரானோவைத் தவறவிடவே கூடாது.

அல்பெங்காவுக்கு அருகில் போர்கெத்தோ சாந்தோ ஸ்பீரித்தோ என்ற கடலோர ஊர். அங்கிருந்து உள்ளே சில கிலோமீட்டர், பஸ் உண்டு. பாசுரா குகையின் உட்பகுதியை 1950ல்தான் கண்டுபிடித்தார்கள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். வெப்பநிலை வருஷம் முழுக்க 16 டிகிரி அளவிலேயே இருக்கும், அதனால் மே மாதமானாலும் ஒரு மேல்சட்டை வேண்டும்.

உள்ளே களிமண் தரையில் மனிதர்களின் காலடித் தடங்கள் இருக்கின்றன. சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தியவை. வெகுநாள் வரை இவை நியாண்டர்தால் மனிதருடையவை என்றே நினைத்தார்கள். 2019ல் வந்த ஆய்வு, அங்கே போனவர்கள் ஐந்து பேர் என்று தடங்களை வைத்துச் சொன்னது. பெரியவர்கள் இரண்டு பேர், வளரும் வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டு சின்னக் குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது இருக்கலாம். வெறுங்காலோடு, பைன் குச்சிகளைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்திருக்கிறார்கள். கூரை தாழ்வான இடத்தில் தவழ்ந்து போயிருக்கிறார்கள். அந்த முழங்கால் தடங்கள்கூடச் சேற்றில் பதிந்திருக்கின்றன.

மூன்று வயதுக் குழந்தையை அந்த இருட்டுக்குள் எதற்குக் கூட்டிப்போனார்கள்? குகைக் கரடிகளின் எலும்புகள் குவிந்து கிடக்கும் பகுதி வேறு அதே குகையில் இருக்கிறது. நான் போனபோது வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். நேரடி வெளிச்சத்தில் வெறும் குழியாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் குதிகாலும் விரல்களும் தனித்தனியாக எழுந்தன. குழுவில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் குனிந்து தங்கள் பாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

மார்ச் 9, இரவு

“சின்க்வே தெர்ரேயை ஏன் ஒதுக்கச் சொல்கிறீர்கள்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே போகிறவர்கள் வண்ண வீடுகளைப் படம் எடுத்துவிட்டு, அந்த ஊர்களைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக அடுக்கு நிலங்கள். ஒவ்வொரு படியையும் நிறுத்தி வைத்திருப்பது சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிய சுவர். கிட்டப் போய்ப் பாருங்கள். முன்பக்கம் பெரிய கற்கள், பின்னால் சல்லி, அதற்குப் பின்னால் மண். சுவர் நிமிர்ந்து நிற்காது, மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மழைத் தண்ணீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வெளியேறிவிடும். சிமென்ட் பூசி இடுக்கை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி மண் ஊறும், ஒரு நாள் சுவரையே தள்ளிவிடும்.

இந்தச் சுவரை வருஷா வருஷம் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கல் பிதுங்கினால் உடனே திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகள் நகரத்துக்குப் போய், திராட்சைக் கொடியைக் கவனிக்க ஆளில்லாத நிலத்தில் சுவர் சரியும், அதோடு மண்ணும் இறங்கும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் அந்த ஐந்தில் இரண்டு ஊர்களான வெர்னாஸா, மொன்தெரோஸ்ஸோ தெருக்களில் சேறு மாடி உயரத்துக்கு வந்தது, ஆட்கள் இறந்துபோனார்கள். அப்படி ஒரு மழையை எந்தச் சுவரும் முழுதாகத் தடுத்திருக்காது. ஆனால் கைவிட்ட படிகள் சேதத்தைக் கூட்டுகின்றன என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுவர் அடுக்கும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, இத்தாலியோடு இன்னும் சில நாடுகளின் பெயரில். அந்த ஐந்து ஊருக்குப் போனால் ஊருக்குள்ளேயே சுற்றாதீர்கள். மேலே ஏறி, ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே போகும் பாதையில் அரை மணி நேரம் நடங்கள். திராட்சைப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒற்றைத் தண்டவாளச் சின்ன ரயில் கண்ணில் படும்.

மார்ச் 11

திரியோரா பற்றி. முதல் பட்டியலில் அதை முதலில் போட்டேன். இரண்டு நாளாக யோசித்ததில், ஐந்தே நாள் இருக்கிற உங்களுக்கு அதைக் கடைசியில் வைப்பேன்.

ஊர் அருமை. அர்ஜென்தீனா பள்ளத்தாக்கின் மேலே, சுமார் 780 மீட்டர் உயரத்தில், கருத்த கல் வீடுகள். ஆனால் பஸ் ஒரு நாளைக்குச் சிலதான். திரும்பும் பஸ்ஸை விட்டால் மலையிலேயே ராத் தங்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1587ல் ஊரில் பஞ்சம். பழியை ஊர்ப் பெண்கள் மேல் போட்டார்கள், சூனியக்காரிகள் என்று பிடித்து அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். விசாரணை 1589 வரை இழுத்தது. சிலர் காவலிலேயே இறந்தார்கள். பிரான்கெத்தா பொரெல்லி என்ற பெண் எவ்வளவு வதைத்தும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று கடைகளில் துடைப்பத்தின் மேல் உட்கார்ந்த சூனியக்காரிப் பொம்மை தொங்குகிறது. பெரியவர்கள் அருங்காட்சியகத்தில் விசாரணை பற்றிப் படித்துவிட்டு வெளியே வந்தால் அந்தப் பொம்மையை வாங்க மனம் வராது. மகளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று யோசித்துவிட்டுப் போங்கள். சொல்லலாம், சொல்ல வேண்டிய கதைதான்.

மேலே போக முடியாவிட்டாலும் கீழே தாஜ்ஜா இருக்கிறது. ஆற்றின் மேல் பதினாறு வளைவுள்ள பழைய பாலம். தாஜ்ஜாஸ்கா ஆலிவ் என்று பாட்டிலில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்தது. சின்னக் காய், எண்ணெய் மென்மையாக இருக்கும்.

மார்ச் 11, சற்று நேரம் கழித்து

புஸ்ஸானா வெக்கியா விட்டுப்போச்சு. சான்ரேமோவுக்குப் பக்கத்துக் குன்றின் மேல். 1887 பிப்ரவரி 23, சாம்பல் புதன், விடியற்காலை. சனம் தேவாலயத்தில் இருந்தபோது நிலநடுக்கம் வந்து கூரை விழுந்தது. தப்பியவர்கள் கீழே புது ஊர் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 1950களின் கடைசியிலிருந்து ஓவியர்களும் குயவர்களும் வந்து இடிபாடுகளுக்குள் குடியேறினார்கள். தேவாலயத்துக்கு இன்றும் கூரை இல்லை. உடைந்த சுவரின் மேல்பாதியில் சுதைச் சிற்பங்கள் வெயிலிலும் மழையிலும் அப்படியே நிற்கின்றன. மேலே ஏறும் சாலை செங்குத்து, வெயில் வருமுன் போங்கள்.

மார்ச் 14

சாப்பாடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், சைவம் கிடைக்குமா என்று. இத்தாலியில் சைவத்துக்கு நல்ல மாநிலங்களில் லிகூரியா ஒன்று.

ஃபரினாத்தா சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மாவைக் கரைத்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, வட்டமான பெரிய செம்புத் தட்டில் எண்ணெய் விட்டு ஊற்றி, விறகு அடுப்பில் தள்ளுவார்கள். அடை கனத்துக்கு இருக்கும். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே குழைவாக. மிளகுப் பொடி தூவிச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். ஆறினால் சவசவத்துவிடும். ஆகவே தட்டு அடுப்பிலிருந்து வரும்வரை கடையில் காத்திருங்கள், ஏற்கெனவே வெட்டி வைத்ததை வாங்காதீர்கள்.

பன்சோத்தி என்று காட்டுக்கீரை அடைத்த பாஸ்தா, அதற்கு வால்நட் அரைத்த சாஸ். ரெக்கோ ஊரின் பாலாடைக்கட்டி ஃபொக்காச்சாவும் (தட்டை ரொட்டி) பிரமாதம், இரண்டு மெல்லிய ஏடுகளுக்கு நடுவே பாலாடைக்கட்டி உருகி நிற்கும். பெஸ்தோ என்ற பச்சை சாஸில் போடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருக்கிறது. கண்டிப்பான சைவம் என்றால் அது ஒத்துவராது. வீட்டில் முட்டைகூடச் சேர்க்காதவர்கள் ‘தோர்த்தா பஸ்குவலீனா’ என்ற, மாவுக்குள் கீரை வைத்துச் சுட்ட பண்டத்தைத் தவிருங்கள், உள்ளே முழு முட்டை வைத்திருப்பார்கள்.

மார்ச் 15

ஜெனோவாவைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. அங்கே ஒரு நாள் கட்டாயம். மீன் காட்சியகத்துக்கு எல்லாரும் போவார்கள். நீங்கள் ஸ்தல்யேனோ கல்லறைக்குப் போங்கள்.

1851ல் திறந்தது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய மஸ்ஸினி அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் மனைவி கான்ஸ்டன்ஸும். ஆனால் நான் போவது கத்தரீனா கம்போதோனிகோவைப் பார்க்க. தெருவிலும் திருவிழாக்களிலும், தின்னும் கொட்டைகளைக் கோத்த மாலைகளும் வளைய ரொட்டியும் விற்ற பெண். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசில், பணக்காரர்களின் சிலைகளுக்கு நடுவே தனக்கும் ஒரு சிலை வேண்டும் என்று லொரென்ஸோ ஒரெங்கோ என்ற சிற்பியிடம் செய்யச் சொன்னாள். 1881ல் சிலை வந்தது, அவள் உயிரோடு இருக்கும்போதே. அடுத்த வருஷம் இறந்துபோனாள்.

சிலையில் அவள் தன் நல்ல உடுப்பில் நிற்கிறாள். சரிகைக் கரை, சால்வையின் குஞ்சம், பாவாடை மடிப்பு எல்லாம் பளிங்கில் இழை இழையாகத் தெரியும். இரண்டு கையிலும் கொட்டை மாலையும் வளைய ரொட்டியும், விற்க நிற்பதைப் போலவே நீட்டிப் பிடித்திருக்கிறாள். கீழே ஜெனோவா வட்டார மொழியில் ஒரு கவிதை, அவள் கதையை அவளே சொல்வதாக. நகரத்துப் பெரிய மனிதர்களின் சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த நடைக்கூடத்தில் மெழுகுவத்தியும் பூவும் இவளுக்குத்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மகளுக்கு: பிரின்சிபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பால்பி தெருவில் ஒரு லிஃப்ட் இருக்கிறது. முதலில் மலைக்குள் சுரங்கத்தில் கிடையாகப் போகும், அப்புறம் அதே பெட்டி செங்குத்தாக மேலே ஏறும். ஊர் பஸ் டிக்கெட்டே போதும்.

மார்ச் 18

“செர்வோவில் ரயில் நிற்கும், இறங்கினால் ஊர்தான்” என்று ஒருவர் எழுதியிருப்பது பழைய கதை. 2016 டிசம்பரில் அந்தப் பகுதி ரயில் பாதையை மலைக்குள் மாற்றிவிட்டார்கள், செர்வோ நிலையத்தை மூடிவிட்டார்கள். இப்போது தியானோ நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

ஆனாலும் போங்கள். பவளம் எடுக்கக் கோர்சிகா, சார்தீனியா பக்கம் கடலோடிய ஊர் அது. அந்தக் காசில் எழுப்பிய தேவாலயம் கடலைப் பார்த்து உள்வளைந்த முகப்போடு நிற்கிறது. அதன் முன் திண்ணையில்தான் கோடையில் சேம்பர் இசை விழா. ஹங்கேரி வயலின் கலைஞர் ஷாண்டோர் வேக் 1964ல் தொடங்கியது. மேயில் விழா இருக்காது, இடம் உங்களுக்கே கிடைக்கும்.

இன்னும் மேற்கே, 2001லேயே ரயில் பாதை உள்ளே போனதில் ஒரு நன்மை. சான் லொரென்ஸோ அல் மாரேயிலிருந்து ஒஸ்பெதலெத்தி வரை 24 கிலோமீட்டர் பழைய தண்டவாளம் இருந்த இடம் இன்று சைக்கிள் பாதை. ரயிலுக்குப் போட்ட வழி என்பதால் ஏற்றமே இல்லை, கடல் கூடவே வரும், பழைய சுரங்கங்கள் வழியாக மிதிக்கலாம். சான்ரேமோவில் வாடகைச் சைக்கிள் எளிதாகக் கிடைக்கும். சான்ரேமோ ரயில் நிலையம் மலைக்குள் இருக்கிறது, நடைமேடையிலிருந்து வெளியே வரவே நீண்ட நடை. திரும்பும் ரயிலுக்குக் கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

மார்ச் 19

கிழக்குப் பக்கம் ஒன்றுமே தேறாதா என்றால், தேறும். காமோல்யியிலிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ மடம். கார் சாலை கிடையாது, படகு அல்லது நடை. அந்தக் குடாவில் 17 மீட்டர் அளவு ஆழத்தில் 1954ல் இறக்கிய வெண்கல ஏசு, கைகளை மேலே தூக்கியபடி. கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், மாற்றுத் திட்டம் வைத்திருங்கள். காமோல்யி வீடுகளின் சன்னல்களை எண்ணிப் பாருங்கள், பாதி வெறும் ஓவியம்.

லூனி இன்னும் அமைதி. கி.மு. 177ல் ரோமானியர் அமைத்த துறைமுக நகரம், கராரா பளிங்கு இங்கிருந்துதான் கப்பலேறியது. மாக்ரா ஆற்று வண்டலில் துறைமுகம் தூர்ந்து இப்போது கடல் தள்ளிப் போய்விட்டது. வயல்களுக்கு நடுவே ஆம்ஃபிதியேட்டர்.

மார்ச் 22

மொத்தமாக ஒரு திட்டம் கேட்டீர்கள். முதல் இரண்டு இரவு ஜெனோவா, அடுத்த மூன்று இரவு ஃபினாலே லிகுரே.

ஜெனோவாவில் ஒரு நாள் ஊர், கல்லறை, லிஃப்ட். மறுநாள் கடல் அமைதியாக இருந்தால் சான் ஃப்ருத்துவோசோ, இல்லையென்றால் ஊருக்குள்ளேயே இன்னொரு நாள். ஃபினாலேக்குப் போனதும் மதில் சூழ்ந்த ஃபினால்போர்கோவில் மாலை. அடுத்த நாள் காலை அல்பெங்கா, மதியம் தொய்ரானோ. கடைசி நாள் இரண்டில் ஒன்று: சைக்கிள் பாதையும் புஸ்ஸானாவும், அல்லது ஃபினாலேக்குப் பின்னால் இருக்கும் போன்சி பள்ளத்தாக்கு. பின்னதில் யூலியா அகஸ்தா என்ற ரோமானியச் சாலையின் ஐந்து பாலங்கள் காட்டுக்குள் இருக்கின்றன. சில இடிந்தவை, ‘தேவதைகள் பாலம்’ மட்டும் நன்றாக நிற்கிறது. நடப்போம் என்று சொன்னவர் நீங்கள், என் ஓட்டு பள்ளத்தாக்குக்கு.

தோல்சேஆக்குவாவை இந்த முறை விட்டுவிடுங்கள். ஓவியர் மோனே 1884ல் வரைந்த அந்த ஒற்றை வளைவுப் பாலத்துக்கு வென்திமீல்யாவிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும், உங்கள் கணக்கில் நேரம் பிடிக்காது. பிரான்சின் நீஸ் பக்கமாக ஒரு பயணம் வரும்போது, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹன்பரி தாவரத் தோட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஜூன் 2 குடியரசு நாள் விடுமுறை, இந்த வருஷம் திங்கட்கிழமை வருகிறது. டுரினே காலியாகி அந்த வார இறுதியில் ஃபினாலேயில்தான் இருக்கும். மே 30க்குள் கிளம்பிவிடுகிற மாதிரி தேதி வையுங்கள். தொய்ரானோ நுழைவுக்கும் நேரம் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள்.